வலது பக்கத்துக் கியர்

நாசிக்,
22 செப்டம்பர் 1946

அன்புள்ள முகைதீன் பாய்,

முதலில் உறுதியான செய்தி. என் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த மணல் மூட்டையை நேற்று மாலை கழற்றிவிட்டார்கள். சொன்னவர் டாக்டர், எதிரில் நின்று சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "இனி தேவையில்லை" என்றார். எலும்பு சேர்ந்துவிட்டதால் தேவையில்லையா என்று சொல்லவில்லை. நானாக ஊகிக்கக் கூடாது. இருபது வருஷமாகப் பத்திரிகை ஆபீசில் மற்றவர்களுடைய ஊகங்களைப் பென்சிலால் அடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

இகத்புரிக்கு மேலே அந்தச் செம்மண் இறக்கத்தில் நான் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, பாறைக்கும் வண்டிக்கும் நடுவே வலது கால் மாட்டியது ஆகஸ்டில். அன்றிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் காலையே விசாரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை வழியில் வண்டி ஓட்டும் நம் கூட்டத்தில் ஒருவன் விழுந்தால், "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றுதானே கேட்பது வழக்கம். விழுந்தவன் படுத்தபடியே வண்டியைத் திட்ட ஆரம்பித்தால் ஆளுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு நீரும் கேட்டீராம். நான் பதில் சொல்லவில்லையாம். நமக்குப் பின்னால் வண்டியில் வந்த நாணு எழுதித்தான் தெரிந்தது. ஆகவே இப்போது நானே கேட்கிறேன்: வண்டிக்கு என்ன ஆச்சு?

விசாலாக்ஷி போன வாரம் வெள்ளிக்கிழமை பம்பாய் போய், மாட்டுங்கா வீட்டைத் திறந்து துணிமணி எடுத்துக்கொண்டு வந்தாள். உம்மைப் பார்த்தாளாம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "என்ன பேசுவா, நட்டு, போல்ட்டுதான்" என்கிறாள். அங்கே போய்வந்த நாளிலிருந்து அவள் கொண்டுவரும் ரசத்தில் ஒரு நாள் உப்பு இருப்பதில்லை, ஒரு நாள் இரண்டு தடவை இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வெங்காய வியாபாரி. கட்டு மாற்றும் நேரம் வந்தால் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். வெங்காய வியாபாரியே மூக்கை மூடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளும்.

நீர் ஒரு தடவை வந்து போகலாம். பம்பாயில் இந்து முஸ்லிம் கலவரம், ஊரடங்கு என்று பேப்பரில் படிக்கிறேன். படித்துவிட்டும் கேட்கிறேன்.

உம்முடைய
சந்திரமௌலி

*

தாராவி,
28 செப்டம்பர் 1946

பிரியமுள்ள ஐயருக்கு முகைதீன் எழுதுவது.

உம்முடைய கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வர முடியாததற்கு மனசு சங்கடப்படுகிறது. பகலில்தான் பட்டறையைத் திறக்க முடிகிறது. இருட்டுவதற்கு முன்னால் கதவை இறக்கியாக வேண்டும். தாதர் ஸ்டேஷன் வரை போய்ச் சேருவதே பெரிய காரியம். வீட்டில் சுலைகா என் தொப்பியை ஒளித்து வைத்துவிட்டு, "ரோட்டுல தலையப் பாத்துத்தான் கல்லு விழுதாம். நீங்க எங்கயும் போவ வேண்டாம்" என்கிறாள். தொப்பி இல்லாமல் போனால் வேறு தெருவில் கல் விழும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது. கூட்ஸ் ரயிலில் போட்டு, நாணுதான் ஆபீசுக்கு லீவு போட்டு இறக்கிக் கொண்டுவந்தான். முன் ஃபோர்க் வளைந்திருந்தது, நிமிர்த்திவிட்டேன். பெட்ரோல் டாங்க் நசுங்கியதைத் தட்டி எடுத்தேன். கை வைத்தால் ஒரு குழி தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கிளட்ச் பிளேட் புதிது.

வலது பக்கத்துக் கியர் பெடல் வளைந்துபோய்விட்டது. நல்ல பெடல் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் பழைய காலத்து வண்டிகளில் இருக்குமே, அந்த மாதிரி டாங்க் ஓரமாக ஒரு லீவர் செய்கிறேன். கையாலேயே கியர் போடலாம். கம்பியை எவ்வளவு நீளம் வெட்டுவது என்று தெரிய வேண்டும். நேராக உட்கார்ந்து, வலது கையைத் தொங்கவிட்டு, தோளிலிருந்து உள்ளங்கை வரை வீட்டம்மாவை அளக்கச் சொல்லி எழுதும்.

நாணு உம்மை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். "முன்னாடி மெதுவாப் போய் வழியை மறிக்க ஆளே இல்லை பாய், யாரைத் திட்டறது?" என்கிறான்.

நல்லபடியாக எழுந்து வர ஐந்து வேளையும் துவா செய்கிறேன்.

முகைதீன்

*

நாசிக்,
2 அக்டோபர் 1946

முகைதீன் பாய்,

நீர் பொய் எழுதியிருக்கிறீர். இது உறுதி. ஆதாரம் என் கண்.

ஜூன் மாதம் குர்லாவில் ராணுவச் சாமான்களை ஏலம் விட்ட இடத்துக்கு நீரும் நானும்தான் போனோம். அங்கே கழித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்களின் கியர் பெடல்கள் கூடை கூடையாகக் கிடந்தன. காவல்காரன், "வேண்டியதை அள்ளிட்டுப் போங்க, பாரமாவது குறையும்" என்றான். நீர் நான்கு எடுத்து வந்தீர். அவை உம் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.

அதை விடும். வளைந்த இரும்பை நீர் இதுவரை தூக்கி எறிந்ததே கிடையாது. சூடுபடுத்தி, தட்டி, அதற்குரிய இடத்திலேயே மாட்டினால்தான் உமக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர் காலால் போடும் கியரைக் கைக்கு மாற்றுகிறீர் என்றால், குறை பெடலில் இல்லை. அதை மிதிக்க வேண்டிய காலில்.

இங்கே டாக்டர் தினமும் "பார்க்கலாம்" என்கிறார். விசாலாக்ஷி, "விரல் எல்லாம் இன்னிக்கு நல்ல நிறமா இருக்கு" என்கிறாள், போர்வையைத் தூக்கிப் பார்க்காமலே. என்னால் எழுந்து போய் யாரையும் விசாரிக்க முடியாது. பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டால் கடவுள் இருக்கிறார் என்கிறார்.

ஆகவே உம்மைக் கேட்கிறேன். என் காலைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? எனக்கு ஆறுதல் வேண்டாம், பதில் வேண்டும். கை அளவு இப்போது அனுப்புவதாக இல்லை.

சந்திரமௌலி

*

தாராவி,
7 அக்டோபர் 1946

ஐயரே,

கேட்டதற்குப் பதில். எனக்குச் சொன்னது உம்முடைய வீட்டம்மா. அவர்களுக்குச் சொன்னது டாக்டர்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி தூக்கிக் கொடுக்க மாட்டுங்காவுக்குப் போனேன். மாடிப்படியில் நின்று சொன்னார்கள். "எலும்புக்குள்ள சீழ் போயிடுத்தாம். ஊசி எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணுமாம். இப்பவே தெரிஞ்சா அவர் சாப்பாட்டை நிறுத்திடுவார், உடம்புல தெம்பு வரட்டும், அதுவரைக்கும் சொல்லப்படாதுன்னு டாக்டர் சொல்றார். நீங்களும் வாயைத் திறக்கப்படாது பாய்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் பட்டறைக்கு வந்தால் அந்தப் பெடல்தான் கண்ணில் நிற்கிறது. உம்முடைய எலும்பை நிமிர்த்த என்னிடம் சாமான் கிடையாது. வண்டி ஒன்றுதான் என் கைக்கு எட்டியது. நீர் வரும்போது உமக்கு ஏற்றபடி தயாராக நிற்கட்டும் என்று நினைத்தேனே தவிர, அதை எழுதினால் நீர் எப்படிப் படிப்பீர் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டீர், வண்டியைப் பற்றி எழுதினேன்.

இதையும் மறைக்கக் கூடாது. லீவரை என் கை அளவுக்கே தற்காலிகமாக மாட்டி நானே ஓட்டிப் பார்த்தேன். வலது காலைப் பின்பக்கம் மடக்கி, பழைய சைக்கிள் டியூபால் தொடையோடு கட்டிக்கொண்டேன். மாகிம் உப்பங்கழி ஓரத்துச் சேற்று வழி. கிக்கரும் வலது பக்கம்தானே, நாணுதான் உதைத்து ஸ்டார்ட் பண்ணினான். "சர்க்கஸ்ல எடுத்துப்பான் பாய், ஆனா பாதிச் சம்பளம்தான் தருவான்" என்று சிரித்தான். நேர் வழியில் பாதகம் இல்லை. திருப்பத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. ஊன்றுவதற்குக் காலைத் தேடினேன், இல்லை. விழுந்தேன். தூக்கி நிறுத்தி மறுபடியும் போனேன். அதே இடத்தில் விழுந்தேன். கட்டை அவிழ்க்கும்போது நாணு சிரிக்கவில்லை.

ஆகவே சொல்கிறேன். மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பக்கத்து ஆபீசுக்குப் போய்வர இந்த வண்டி போதும். உதைத்துக் கொடுக்க தினமும் காலையில் நான் வருவேன். சாயங்காலத்துக்கு யாராவது ஒரு ஆபீஸ் பியூனைப் பழக்கிவிடலாம். மலைக்கு மட்டும் ஆகாது. கட்டைக்கால் போட்டாலும் ஆகாது. சைட்கார் வைக்கலாமா என்றும் பார்த்தேன். நாம் போகிற வழி அவ்வளவு அகலம் இல்லை. ஆகும் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே எழுதின பொய்யே போதும்.

வீட்டம்மாவைத் திட்ட வேண்டாம். திட்டுவதானால் என்னைத் திட்டும்.

முகைதீன்

*

நாசிக்,
12 அக்டோபர் 1946

அன்புள்ள பாய்,

வலது கால் எடுக்கப்படும். நேற்றுக் காலை டாக்டரை நேரே கேட்டேன். உம்முடைய கடிதத்தைக் காட்டவில்லை. செய்தி கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்து எனக்குப் பழக்கம் இல்லை. நாடி பார்த்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு, "ஆமாம்" என்றார். ஆபரேஷனுக்குச் சம்மதத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். நானே கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் விசாலாக்ஷியிடம் சொன்னேன். டிபன் காரியரைக் கீழே வைத்தாள்.

"பாய் சொல்லிட்டாரா? எனக்கு வாக்குக் கொடுத்தாரே."

"அவர் வாயே திறக்கலை. ஸ்பானரை எடுத்தார்."

"ரெண்டு பேருக்கும் வேற பேச்சே தெரியாது" என்றாள். பிறகு அழுதாள். இத்தனை நாள் இந்த வார்டுக்குள் வந்து போகும்போதெல்லாம் அடக்கி வைத்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? வெங்காய வியாபாரி எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்ல மனுஷர்.

உம்மேல் எனக்குக் கோபம். பொய் எழுதியதற்கு இல்லை. மலைக்கு ஆகாது என்று எழுதினீரே, அதற்கு. டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்றபோது தலையை ஆட்டிவிட்டேன். உம்முடைய அந்த ஒரு வரிக்குத்தான் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் தவறியிருக்கலாம் என்று நினைக்கவாவது இடம் இருக்கிறது. வண்டி விஷயத்தில் நீர் தவறியதை நான் பார்த்தது இல்லை.

ஊரடங்கு எடுத்த பிறகு நீரும் நாணுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் போங்கள். எனக்காக நிறுத்தினால் அதையும் நான் சுமக்க வேண்டும். ஆனால் போய்வந்து எனக்கு எழுத வேண்டாம். எந்த இறக்கத்தில் யார் விழுந்தது, மழைக்குப் பிறகு வழி எப்படி இருந்தது, எதுவும் வேண்டாம். சுலைகாவைப் பற்றி எழுதும். பட்டறையைப் பற்றி எழுதும். மலையைக் கழித்துவிட்டால் நமக்குள் பேச என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரிந்தால் சொல்லும். காலையில் வந்து உதைத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர். அதற்கு இன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

இனித் தெரிய வேண்டியவை. பூனாவிலிருந்து சர்ஜன் திங்கட்கிழமை வர வேண்டும். ரயில் ஓடினால் வருவார். செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். முழங்கால் மிஞ்சுமா என்பதைத் திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். புதன்கிழமை மத்தியானத்துக்குள் விசாலாக்ஷி உம்முடைய பட்டறைக்குத் தந்தி கொடுப்பாள்.

சந்திரமௌலி