பளபளக்கும் மூன்று டேங்குகள்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே ஆடிக் காற்று. கண்ணெல்லாம் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனி இன்ஜினியராக நான் மாதக்கணக்காக நச்சரித்துக் கேட்ட காற்று டேங்க் மூன்றும் எங்கள் அருள்புரம் யூனிட்டில் வந்து இறங்கின.

முதலாளிக்கு மறுபடி விளக்கம். மதியம் கூரை சோலாரில் மிஞ்சும் கரண்டில் கம்ப்ரசரை ஓட்டி, காற்றை டேங்கில் அமுக்கி வைப்போம். சாயங்காலம் கரண்ட் விலை ஏறும்போது கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அந்தக் காற்றைத் திறந்தால் போதும். தையல் மெஷின்களில் நூல் வெட்டும் கத்தி அதிலேயே ஓடும். பெரிய நிலையங்களில் அந்தக் காற்றால் டர்பைனைச் சுழற்றி மறுபடி கரண்டே எடுக்கிறார்கள். அதில் நிறைய சூடாகப் போய்விடும். நமக்கு அந்தச் சுற்று வேண்டாம். பேட்டரி மாதிரி ஆசிட் இல்லை, தீப்பிடிக்காது. டேங்க் நல்லதாக இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

“நல்ல டேங்க்குதானுங்க மேடம். பளபளன்னு இருக்குது பாருங்க” என்றார் முதலாளி.

ஜூலை 22, செவ்வாய்

அடி வால்வைத் திறந்தேன். காவி நிறத் தண்ணீர், மேலே எண்ணெய், அழுகிய முட்டை நாற்றம். சுடிதாரில் தெறித்துவிட்டது.

வெல்டர் வேலுச்சாமி பெயிண்டைச் சுரண்டினார். துரு ஏடு ஏடாக உதிர்ந்தது.

“மூடுன சாயப்பட்டறைச் சாமானுங்க மேடம். பூச்சு மட்டுந்தான் புதுசு.”

சர்டிபிகேட்டில் ஒரு நம்பர். டேங்கில் வேறு நம்பர். சீ.

ஜூலை 23, புதன்

முதலாளி அறை. ஏசி, ஊதுபத்தி. ‘பரிசோதித்தேன், சரியாக உள்ளது’ என்று டைப் அடித்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார். டேங்க் வைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சாப்பிடும் ஹால். வெடித்தால் அவர்கள் மேல்தான். சொன்னேன்.

“யாருங்க தொறந்து பாக்கப் போறாங்க? போடு கண்ணு.”

மேடமாக இருந்தவள் கண்ணாகிவிட்டேன்.

“தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணிட்டுப் போடுறேன் சார்.”

ஜூலை 25, வெள்ளி

டெஸ்ட். காற்றை ஏற்றிப் பார்த்தால் குண்டு. தண்ணீர் அப்படி அமுங்காது, உடைந்தாலும் பீச்சுவதோடு சரி. கை பம்பால் அழுத்தம் ஏற்றினோம். பாதிகூடத் தாண்டவில்லை, அடி ஜாயிண்டில் பீறிட்டது. முதலாளியின் பேண்ட் நனைந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அக்கட்டால வெளியில தூக்கிப் போடுங்க” என்றார். அந்த ஹாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

லேசான தூறல். டேங்குகளைக் காணவில்லை. அப்பாடா என்றிருந்தது, வேலுச்சாமி வாய் திறக்கும் வரை.

“மொதலாளி குன்னத்தூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குத் தள்ளி உட்டுட்டாருங்க. ஒழுகுன எடத்த என்னையே பத்த வெக்கச் சொன்னாரு.”

“வச்சீங்களா?”

“வெச்சேனுங்க.” தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “அந்தக் கம்பெனி நம்பர் இருக்குதுங்க. நீங்களே பேசிப்போடுங்க. எனக்குப் புள்ளைங்க இருக்குதுங்க.”

எனக்கு மட்டும் இல்லையா? அவரிடம் கேட்கவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று போன் அடித்தேன். மேனேஜர் எடுத்தார். துரு, மாறிய நம்பர், ஒழுகிய ஜாயிண்ட், எல்லாம் சொன்னேன். காற்று ஏற்றாதீர்கள், தண்ணீர் நிரப்பிப் பாருங்கள் என்றேன்.

“நீங்க யாருங்க பேசறது?”

கட் பண்ணிவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். என் மேலேயே அருவருப்பு.

பெயரைச் சொன்னேன். எங்கே வேலை பார்க்கிறேன் என்பதையும்.