உன் கத்தரிக்கோலுக்கு ஒரு காலர்

சிசிமியுட், கிரீன்லாந்து,
மார்ச், சனிக்கிழமை

அன்பு மகள் இவாலுவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாய்களும் சுகம். கோபன்ஹேகனில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகமில்லாதவளுக்கு இப்படியெல்லாம் யோசனை வராது. இங்கே பனி இன்னும் இளகவில்லை, அப்பா இறால் ஆலையில் குளிர்சாதன இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், என் முழங்கால் பழையபடிதான்.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தேன். சர்ச்சில் உன் திடப்படுத்தல் சடங்குக்குச் செய்த, தோளை மூடுகிற பாசிமணிக் காலரை நான் அனுப்ப வேண்டுமாம், கண்காட்சி திறக்கும் அன்று எல்லோர் முன்னாலும் நீ அதை நடுவில் கத்தரித்து, ஒரு பாதியைச் சிவப்புச் சுவரிலும் மறு பாதியை வெள்ளைச் சுவரிலும் மாட்டுவாயாம், சிவப்பு நானாம், வெள்ளை உன் டேனிஷ்கார அப்பாவாம். அடேயப்பா. இதைக் கற்றுக்கொள்ளவா கலைக் கல்லூரியில் அத்தனை வருஷம் குப்பை கொட்டினாய்? போதாததற்கு உன் கண்காட்சியை நடத்தும் அந்த மாத்தியாஸ் வேறு எனக்குப் போன் செய்தார். இரண்டு இனத்துக்கு நடுவில் ஒரு பெண்ணைப் பெற்றது உங்கள் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். முழங்காலில் என்றேன். எழுதிக்கொண்டார் போலிருக்கிறது, பேனா கீறுகிற சத்தம் கேட்டது. மலேனே பெரியம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், அவள் பிறந்தநாள் காப்பிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "நடுவுல வெட்டப் போறாளாமா? மூக்கு எந்தப் பாதிக்குப் போகுதுன்னு கேட்டுச் சொல்லுடி" என்றாள். தொண்டையில் கேக் சிக்கும் அளவுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

உனக்குப் பட்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இங்கே பள்ளிக்கூடத்தில் அரை டேனிஷ்காரி என்றார்கள், அங்கே போனால் கிரீன்லாந்துக்காரி என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறார்கள். ஆனால் உன்னைப் பாதி என்று சொன்னவன் வாயைத்தானே அடைக்க வேண்டும், அவன் சொன்னதையே நீ சுவரில் மாட்டி விளக்குப் போட்டுக் காட்டுவது என்ன கெட்டிக்காரத்தனம்? அதிலும் நீ காலரைப் போட்டவளே தவிர கோத்தவள் இல்லை. நீ செய்வதெல்லாம் துணியில் மணி தைக்கிற வேலை. காலருக்குத் துணியே கிடையாது. கழுத்தில் தொடங்கி, மேல் வட்டத்து மணிக்குள் நூலை நுழைத்து நுழைத்துத்தான் அடுத்த வட்டம் வரும், இடது வலது என்று அதில் ஒன்றும் இல்லை. நடுவில் வெட்டினால் உனக்குப் பாதி கிடைக்காது, வட்டத்துக்கு வட்டம் நூல் அறுந்து மணி அத்தனையும் தரையில் உருளும். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் மண்டிபோட்டுப் பொறுக்குவார்கள், மாத்தியாஸ் அதற்கும் ஒரு பெயர் வைப்பார். மணி என்ன நம் கடலிலா விளைந்தது, அதுவும் டேனிஷ்காரர்களின் கப்பலில் வந்ததுதான்.

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் போன் மேசையில் கிடந்தது, அவரே படித்துவிட்டார். நம் மொழியை இன்னமும் விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறவர், "அப்பா பக்கமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை, அது வெறும் வெள்ளை" என்ற உன் வரியை மட்டும் தடங்கலில்லாமல் படித்தார். எழுந்து போய்க் காலரை எடுத்து வந்து வைத்தார். "அவளோடது. கேட்டா குடுத்துடணும்" என்றார். நாய்களுக்குத் தீனி வைக்கப் போனவர் வெகுநேரம் வீட்டுக்குள் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் திடப்படுத்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேனே, அப்போது காலர் முடிந்திருக்கவில்லை. நீ பாட்டுக்குழுவுக்குப் போகிற மாலைகளில் உட்கார்ந்து மீதியைக் கோத்தது உன் அப்பா. ஸ்பானர் பிடிக்கிற விரல். ஊசியைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே டேனிஷில் திட்டித் தீர்த்தார். ஒரு மணி தப்பினாலும் நான் இரக்கமில்லாமல் அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தார். மலேனே வருகிற சத்தம் கேட்டால் மணித்தட்டை சோபா மெத்தைக்கு அடியில் தள்ளி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். டேனிஷ்காரன் கோத்த காலர் என்று உன்னை யாரும் கேலி செய்துவிடக் கூடாது, வெளியே மூச்சுவிடாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டவரும் அவர்தான். இன்று அந்த வாக்கை நான் மீறிவிட்டேன், அவருக்குத் தெரியாது.

காலரை இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கூடவே காய்ந்த காட் மீனும் இருக்கிறது, நாற்றத்தை மாத்தியாஸ் பொறுத்துக்கொள்ளட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுள் உனக்கு நல்ல கண்ணையும் கொஞ்சம் புத்தியையும் கொடுத்து நன்றாக வைத்திருக்கட்டும். வெட்டுவதானால் தாராளமாக வெட்டு, நான் தடுக்கவில்லை. அதற்கு முன் நான் கோத்த வட்டம் எது, உன் அப்பா கோத்த வட்டம் எது என்று பிரித்துப் பார். கண்டுபிடித்துவிட்டாயானால் அந்த இடத்தில் கத்தரியை வை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். எனக்கு வேண்டாம், அப்பாவுக்குச் செய்.

இப்படிக்கு,
உன்னை முழுசாகப் பெற்ற அம்மா,
கத்ரீனே