ஒலிபெருக்கியில் என் தமிழ்

19 மே 2009
தீவிலிருந்து மெயின்லாந்து போகும் கப்பலுக்கு மூன்று மொழியிலும் அறிவிப்புச் சொன்னேன். கப்பல் ஏறும் ஜெட்டியில் என் குரல் கேட்டால்தான் ஜனம் நகரும்; பெருமைக்குச் சொல்லவில்லை. இலங்கையில் போர் முடிந்ததாம். ஞாயிறன்று தமிழ்ச் சங்கத்தில் இரங்கல் கூட்டம். பழைய பட்டாளத்துக்காரன் என்று என்னையும் பேசச் சொன்னார் செயலாளர் பாலசுப்பிரமணியம்.

21 மே
முடிவு செய்துவிட்டேன். இலங்கை ராணுவம் செய்ததைத் திட்டப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அங்கே போன நம் இந்தியப் பட்டாளம் செய்ததைச் சொல்ல நான் ஒருவன்தான். "இருபத்திரெண்டு வருஷமா வாயத் தொறக்கல, இப்ப என்ன வந்துச்சு?" என்கிறாள் செல்லம். மனைவி கேட்பதும் நியாயம்தான்.

24 மே, ஞாயிறு
சொல்லிவிட்டேன். 1987, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அமைதிப்படையில் எங்கள் கம்பெனியில் தமிழன் நான் மட்டும். மெகாபோனைக் கையில் கொடுத்தார்கள். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய வாங்க, விசாரிச்சுட்டு விட்டுருவோம்" என்றேன். தமிழ்க் குரல் என்று நம்பி வந்தார்கள், பதினொரு பேர். அங்கேயே எங்கள் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள்.

உத்தரவு என்னுடையது இல்லை. வாய் என்னுடையது. நம் நாடு இன்றுவரை யாரையும் இதற்குக் கணக்குக் கேட்கவில்லை. இதையும் கூட்டத்தின் கண்டனத் தீர்மானத்தில் சேருங்கள் என்றேன். "சோடியே ஜி, விடுங்க, உட்காருங்க" என்று மைக்கை அணைத்தார் செயலாளர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கச் சொல்லி முடித்தேன்.

25 மே
துரோகி என்கிறார்களாம். போகட்டும். ராஜகுமாரி பேசாமல் போனதுதான் உறுத்துகிறது — இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் உழைத்தவள். சுனாமி முடிந்து அங்கிருந்து கப்பலில் இங்கே வந்து இறங்கியபோது, முகாமுக்கு இப்படி வாங்க என்று மைக்கில் கூப்பிட்டவன் நான். நம்பி வந்தாள். நேத்து சொன்னது தப்போ? இல்ல. தப்பு அன்னிக்குப் பண்ணுனது.

14 ஜூன்
மழை. அவள் இன்னும் பேசவில்லை.

2 ஆகஸ்ட்
ராஜகுமாரி வீட்டுக்கே வந்தாள். மண்டபம் அகதி முகாமில் இருக்கும் அக்காளிடம் போனில் விசாரித்திருக்கிறாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவரின் மனைவி அங்கேதான் இருக்கிறாராம்.

"எங்ககிட்ட சொல்லி என்னத்துக்குங்க? அவங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அடுத்த மெயின்லாந்து கப்பலின் தேதியைப் பார்த்தேன். செல்லம் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

9 ஆகஸ்ட்
சுதந்திர தின விழாவுக்கு மைக் பிடிக்க வேறு ஆள் பிடித்துவிட்டார்களாம். நான் அன்றைக்கு மண்டபம் முகாமில் இருப்பேன்.

இன்று ஜெட்டியில் என் இடத்தில் மைக் பிடித்தவன் உதயசூரியன் என்ற புதுப் பையன். "பயப்படாம முன்னால வாங்க" என்று தமிழில் சொன்னான். நன்றாகவே சொல்கிறான். கப்பல் வரிசையில் பெட்டியோடு நின்ற நான் முன்னால் போனேன்.