எல்லாம் ஒத்துப்போன நான்கு ஜோடித் தாள்கள்

ஜூன் 30, திங்கள்

நான் சொன்னேனா இல்லையா? இப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். அக்கா மகளின் ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று வயதில் வீட்டுச் செருப்புகளை வரிசையாக உட்காரவைத்து அவள் பாடம் நடத்தியபோதே, "இது ஒருநாள் பாடம் நடத்துறதையே ஆராய்ச்சி பண்ணும்" என்று நான் சொன்னதற்கு அக்காதான் சாட்சி. அக்காவுக்கு ஞாபகம் இல்லையாம். அது அவள் ஞாபகத்தின் கோளாறு.

விஷயம் இதுதான். இயற்பியல் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒரே பாடம், ஒரே ஆசிரியை, இவளேதான். ஒரு பிரிவில் மணி அடித்ததிலிருந்து மறுபடி மணி அடிக்கும்வரை அவளே பேசுவாள். இன்னொன்றில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்தி ஒரு கேள்வி போடுவாள். பிள்ளைகள் துண்டுத் தாளில் விடை எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு மல்லுக்கட்டி, மறுபடியும் எழுத வேண்டும். எதில் மண்டையில் ஏறுகிறது என்று பார்க்கப் போகிறாள்.

துறைத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "வகுப்புன்னா வாத்தியார் பேசணும், பசங்க கேக்கணும்" என்பது அவர் கட்சி. பருவ முடிவில் ஆராய்ச்சி தேறினால் இவள் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜூலை 3

என்னையும் ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாள்! பின்பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ண வேண்டும். பாடத்தில் இருப்பவர் எத்தனை, வேறு உலகத்தில் இருப்பவர் எத்தனை என்று தாளில் குறிக்க வேண்டும்.

"பாடம் தெரிஞ்சவங்க உக்காந்தா பசங்க நடிப்பாங்க மாமா. ஒண்ணும் தெரியாத ஆளா வேணும்."

இது பாராட்டா என்று கொஞ்சம் யோசித்தேன். பாராட்டுதான்.

மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவன் நான். முப்பது வருஷம். ஒரு சுற்றுகூட எண்ணிக்கை தவறியதில்லை. சரி, ஒரே ஒருமுறை. அந்த விசிறியும் ஓடத்தான் செய்தது, என்ன, கொஞ்சம் முனகிக்கொண்டு ஓடியது.

எதிர் மூலைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், என் பட்டறைக்குத் தினமும் வந்து பேப்பர் படிக்கும் நண்பர், அவரைக் கூட்டிப்போனேன். தலை எண்ணுவதில் அவர் எனக்கு அடுத்தபடி.

ஜூலை 9

முதல் நாள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்ததும் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் என்று நினைத்திருப்பார்கள். கண்டக்டர் மூன்று பேர் என்கிறார், அதுவும் வழிவிடுவதற்காக எழுந்தார்களாம்.

இன்றைய கேள்வி: ஒரே அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த இரும்பு நாற்காலி, மர நாற்காலி. இரண்டில் எது அதிகக் குளிர்ச்சி? இதென்ன கேள்வி! இரும்புதான். நானும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துவைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் விடவில்லை.

"அங்கிள், ரெண்டும் அதே ரூம்லதான இருக்கு? ரெண்டோட சூடும் ஒண்ணுதான். இரும்பு நம்ம கைச்சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சிடுது, அதான் ஜில்லுனு தோணுது."

"அதத்தாம்மா நானும் எழுதியிருக்கேன்" என்றேன். தாளைக் காட்டவில்லை.

ஆனால் ஒன்று. ஒன்பதாம் வகுப்போடு நின்ற இத்தனை வருஷத்தில் ஒருவர் சொன்னது எனக்கு இப்படி மனசில் பதிந்ததில்லை. வீட்டுக்கு வந்து பட்டறை ஸ்டூலையும் சாப்பாட்டு மேசையையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தேன். "என்ன தேடுற?" என்றாள் அக்கா. ஆராய்ச்சி என்றேன்.

ஜூலை 16

ஒரு சிக்கல். பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் நாற்பத்தொன்று என்று குறித்திருக்கிறேன். கண்டக்டர் முப்பத்தெட்டு. பார்த்துக்கொண்டே போனால் இடத்துக்கு இடம் ஒன்று கூட, இரண்டு குறைய. மனசு கேட்கவில்லை. இந்தக் காயிலுக்கும் அந்தக் காயிலுக்கும் சுற்று ஒத்துப்போகாவிட்டால் மோட்டார் என்ன ஆகும்?

கண்டக்டர்தான் வழி சொன்னார். "டிக்கெட்டும் தலையும் ஒத்துப்போகாம நான் வண்டியவிட்டு இறங்கினதே இல்லய்யா. அழிச்சுச் சரிபண்ணிடலாம்." கேன்டீனில் உட்கார்ந்து சரிபண்ணினோம். எண்ணும்போது பேசிக்கொள்ளவில்லை. எண்ணி முடித்த பிறகுதான் பேசினோம். அதில் தப்பு என்ன?

ஜூலை 30

நான்காவது முறையாக ஒத்துப்போனது. நூற்றுக்கு நூறு! அவள் பார்த்தால் பூரித்துப்போவாள்.

ஆகஸ்ட் 11

பூரிக்கவில்லை.

மேசையில் நான்கு ஜோடித் தாளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"மாமா, இது எப்படி?"

"எப்படின்னா? அவ்வளவு துல்லியம்மா நாங்க."

"ரெண்டு பேர் ரெண்டு மூலையில உக்காந்து எண்ணினா கொஞ்சமாவது வித்தியாசம் வரணும். எவ்வளவு வித்தியாசம்னு பாக்கத்தான் ரெண்டு பேரையே வெச்சேன். அது சின்னதா இருந்தா எண்ணிக்கைய நம்பலாம். ஒண்ணுமே இல்லைன்னா... யாரோ பாத்து எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்."

ஐயோ, நல்லது செய்யறதா நெனச்சுல்ல செஞ்சேன்! ஒத்துப்போறது தப்புன்னு யாருக்குத் தெரியும்?

"யார் யோசனை இது?"

கண்டக்டர் என்றேன்.

அவள் தாள்களை அடுக்கினாள். "துறைத் தலைவர் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கார்" என்றாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

"அந்த நாலு ஜோடித் தாளும் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடேன்" என்று யோசனை சொன்னேன். எவ்வளவு நேர்த்தியான யோசனை! "மறைச்சா அது ஆராய்ச்சியே இல்ல மாமா" என்று கிளம்பிப் போய்விட்டாள். நேரே துறைத் தலைவரிடம்.

அவர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்கு வந்து ஒரு காயிலை மூன்றுமுறை பிரித்துக் கட்டினேன். எண்ணிக்கை நிற்கவே இல்லை.

ஆகஸ்ட் 14

ஒரு வெளிச்சம்! கரும்பலகைக்கு மேலே ஒரு கேமரா உண்டு. தன் பேச்சு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்க்க, வகுப்பு முழுவதையும் பதிவு செய்துவைத்திருக்கிறாள். அந்த நான்கு வகுப்பையும் நூலகத்து ஊழியர் இரண்டு பேர் படத்தைப் பார்த்துத் தனித்தனியாக எண்ணப் போகிறார்கள். துறைத் தலைவரும் சம்மதித்துவிட்டார். ஆனால் அந்த எண்ணிக்கை நேரே தன் கைக்கு வரவேண்டுமாம்.

மீதி வகுப்புகளுக்கு நான் தொடரலாம் என்றாள். "நீங்க தெரியாத்தனமாப் பண்ணிட்டீங்க. ஆனா கண்டக்டர் ஐயா வேண்டாம் மாமா. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 20

கண்டக்டர் பட்டறைக்கு வந்தார். கல்லூரிக்குப் போகிற நாள் என்று சட்டை இஸ்திரி போட்டு, பையில் இரண்டு பென்சில்.

"என்னய்யா, என் மூலையில வேற ஆள் உக்காந்திருக்காராமே? நான் எதாவது தப்பா எண்ணிட்டேனா?"

"சேச்சே. பசங்க உன் மீசையப் பாத்துப் பயப்படுறாங்களாம்."

சிரித்தார். கொஞ்ச நேரம் பேப்பரைத் திறந்துவைத்திருந்தார். பக்கம் திருப்பவில்லை. அப்புறம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 29

வகுப்பில் எண்ணினேன். நான் மட்டும், என் மூலையில், என் கண்ணுக்குப் பட்டதை. புதிய ஆள் என்ன எழுதினார் என்று எட்டிப்பார்க்கவில்லை. கண்டக்டர் ஒன்பது நாளாகப் பட்டறைப் பக்கம் வரவில்லை.

செப்டம்பர் 26

அப்பாடா! அப்பாடா!

தேறிவிட்டது. அவளே பேசிய பிரிவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தலைகள் ஒவ்வொன்றாக வேறு உலகத்துக்குப் போய்விடுகின்றன. கேள்வி போட்ட பிரிவில் போன தலையும் திரும்பிவருகிறது. தேர்விலும் அந்தப் பிரிவுதான் மேலே. வேடிக்கை என்னவென்றால், "டீச்சர் சும்மா நின்னுட்டு எங்களையே வேலை வாங்குறாங்க" என்று புகார் எழுதியதும் அதே பிரிவுதான்.

துறைத் தலைவர் நான்கு வகுப்புப் பதிவையும் தானே உட்கார்ந்து ஒருமுறை எண்ணினாராம். நூலகத்து ஆட்களுக்கும் அவருக்கும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம். "முடிவு எனக்குப் பிடிக்கல. ஆனா நடந்த தப்பை நீங்களே மூணாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அப்ப மத்த பக்கத்தையும் நம்பித்தான் ஆகணும்" என்று கையெழுத்துப் போட்டாராம். வேலை நிரந்தரம்! அக்கா அழுதாள். நான் அழவில்லை, பட்டறைத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது. நான் அப்போது பட்டறையில் இல்லை என்று அக்கா சொல்லித்திரிகிறாள்.

அந்த மூன்றாம் பக்கத்தை அக்கா மகள் எனக்குப் படித்துக்காட்டினாள். "எண்ணியவர்களில் ஒருவரின் தவறான யோசனையால்" என்று இருந்தது. பெயர் இல்லை. எல்லோரும் யாரை நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று மத்தியானம் அக்கா மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து செருப்பைத் தேடினாள். "கண்டக்டர் ஐயா வீடு எந்தத் தெரு?" இருவரும் நடந்தே போனோம். நான் சொன்னதை அவர் வாசலில் நின்றபடியே முழுக்கக் கேட்டுக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஏன்யா, மீசையவா சொன்னே?" என்றார். அவ்வளவுதான். அடுத்த பருவத்துக்கு அவர் மூலை அவருக்கே. என் மூலைதான் இன்னும் உறுதியில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். சொல்லட்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் மூச்சு ஒழுங்காக வருகிறது.

அதனால் இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஜூலை 16 அன்று கண்டக்டர் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. "உன் கண்ணு உனக்கு, என் கண்ணு எனக்கு, விட்டுடுய்யா" என்றுதான் சொன்னார். நானே கொடுத்துவிடுகிறேன் என்று நான்கு முறையும் அவர் தாளையும் வாங்கிக்கொண்டேன். கேன்டீனில் என்னோடு யாரும் உட்காரவில்லை. யோசனையும் என்னுடையது, ரப்பரும் என்னுடையது.