அலமாரிக் கதவில் எழுதிய கடவுச்சொல்

டீச்சர்,

நேற்று ஒன்பதாம் வகுப்பில் பாசனப் பாடத்துக்காக உங்கள் வாய்க்கால் வரைபடத்தைத் திரையில் திறந்தேன். மேலே புதிதாக ஒரு மஞ்சள் பட்டை வந்திருந்தது. உரிமையாளர் நெடுநாளாக உள்ளே வரவில்லை, இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் கணக்கும் படமும் நீக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. உரிமையாளர் எங்கிருந்து வருவது?

இணையத்தில் ஓசியில் கிடைப்பதையெல்லாம் நம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். பூதலூரில் பாசஞ்சர் ஏறி பாபநாசத்தில் இறங்குவதற்குள் கைபேசியில் ஏதாவது ஒன்றைத் தட்டிப் பார்த்து முடித்திருப்பீர்கள். ஒருநாள் வினாடி வினா. இன்னொரு நாள், வகுப்பே ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும் பலகை. அறிவியல் டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்று ஆசிரியர் அறையில் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன். சமூக அறிவியலுக்குச் சுவரில் தொங்கும் துணி வரைபடமே போதும் என்பது அப்போது என் கட்சி. நீங்கள் கோபித்துக்கொண்டதில்லை. "ஓசியில கிடைச்சதை நாமதான் சார் பத்திரமா பாத்துக்கணும். போச்சுன்னா கேக்க ஆள் இருக்காது" என்று மட்டும் சொல்வீர்கள்.

என் வாயை மூடியது இந்த வரைபடம்தான். துணிப் படத்தில் காவிரி ஒரு நீலக் கோடு, நம் ஊருக்கு அதில் இடமே இல்லை. நீங்களோ சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக நடந்தீர்கள். மதகு வரும் இடத்தில் நின்று படத்தில் ஒரு புள்ளி வைத்து, தண்ணீர் வந்த நாளை எழுதி, சில இடங்களில் குரலையும் பதிவு செய்தீர்கள். வாய்க்கால் முடியும் கடைமடையிலிருந்து வந்த ஒரு பெண், "எங்க பக்கம் தண்ணி வரலைன்னா நாங்க படத்துல இருக்க மாட்டோமா டீச்சர்?" என்று கேட்டாள். அங்கேயும் ஒரு புள்ளி வைத்து, வரவில்லை என்று எழுதச் சொன்னீர்கள். அவள் அப்பா அந்தப் படத்தைக் காட்டித்தான் வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டார். அடுத்த வருஷம் தண்ணீர் வந்த நாளை அவளே எழுதினாள்.

கடவுச்சொல்லைச் சுண்ணக்கட்டியால் இரும்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தீர்கள். நீங்கள் இல்லாத நாளிலும் பிள்ளைகள் புள்ளி வைக்க வேண்டும் என்பதற்காக. நான்கு வருஷத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு நீங்கள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். முதல்நாள் போன் செய்து, எல்லாவற்றையும் கழுவுங்கள், அந்தக் கதவை மட்டும் விட்டுவிடுங்கள் என்றீர்கள். சரி என்றேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியோடு பெஞ்சு, நாற்காலி, கணினி என்று துடைத்துக்கொண்டே வந்த வேகத்தில் அலமாரியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டேன். நீங்கள் எழுதியிருந்த இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது.

அப்போதைக்கு ஒன்றும் கெடவில்லை. படத்தைப் பார்க்கக் கடவுச்சொல் தேவையில்லை, புள்ளி வைக்கத்தான் வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பாமலே போய்விட்ட பிறகு யாரும் புள்ளி வைக்கவில்லை. நேற்றுதான் அந்தச் சொல் தேவைப்பட்டது. மறந்துவிட்டது என்று அழுத்தினேன். உங்கள் கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அந்த நம்பரைப் போன வருஷமே விட்டுவிட்டதாகத் தணிந்த குரலில் சொன்னார்.

இன்று பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். துடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். புது இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஆளுக்குச் சில புள்ளிகளாகப் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து அதற்கு மாற்றத் தொடங்கினார்கள். குரலை மட்டும் எடுக்க வழி தெரியவில்லை. ஒருத்தி என் கைபேசியை வாங்கிப் பதிவை முடுக்கி, கணினியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். "எல்லாரும் கரைக்கு வந்தாச்சா? ஒருதரம் எண்ணிக்கிறேன், இருங்க" என்று நீங்கள் சொல்வது அதில் பதிந்தது. இந்தப் பிள்ளைகள் உங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒலிபெருக்கியை நெருங்கி வந்தார்கள்.

கைபேசியைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண், "கதவுல எழுதினது அழிஞ்சுபோச்சுன்னு அப்ப டீச்சருக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். மணி அடித்தது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள், நினைவிருக்கும். கதவில் எழுதியது இருக்கிறதா என்று கேட்டீர்கள். உடம்பு முடியாதவரை வருத்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. திட்டு வாங்கக் கூசித்தான் "அப்படியே இருக்கு டீச்சர்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லியிருப்பீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டிருப்பேன்.

"நல்லவேளை சார். புள்ளைங்க நடந்ததெல்லாம் அதுலதான் இருக்கு" என்றீர்கள். என்னிடம் நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த "நல்லவேளை"யைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

புதுக் கடவுச்சொல்லை வகுப்பில் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் கதவின் உள்பக்கம், அதே இடத்தில் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை நடக்கப் போகிறோம், திரும்பும்போது நான்தான் தலை எண்ண வேண்டும். அதற்கு முன்னால், நாளை முதல் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். டீச்சருக்குத் தெரியாது, நான் பொய் சொன்னேன் என்று. அவளிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டேன், டீச்சர்.