பூசைக்கு ரொப்பிய பெட்ரோல்

மச்சான்,

இன்று காலை காரமடைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், சாக்கில் சுற்றிய ஒரு மிசின் ரம்பத்தை நம் மர டிப்போவுக்குக் கொண்டுவந்தார். "மழைக்கு முன்னாடி வெச்சதுங்க. இப்ப இழுத்தா உசுரே இல்லீங்க" என்றார். டாங்கு மூடியைத் திருகினேன். பெட்ரோல் வாசம் வரவில்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தாற்போல ஒரு புளித்த நெடிதான் வந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க, செலவு ரொம்ப ஆகுமுங்களா?" என்றார் அவர், பயந்துபோய்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எங்கீங்க, கெளம்பவே இல்லையே."

"கெளம்பாததே உங்க நல்ல நேரமுங்க. கழுவுற கூலியோட போயிரும்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். என்னால்தான் எழுந்திருக்க முடியவில்லை. உங்கள் முதல் வருசத் திதிகூட இன்னும் வரவில்லை. அந்த நெடி என்னைச் சூலூர் ரோட்டுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் தள்ளுவண்டியில் விறகு விற்று மேலே வந்தவன். நீங்கள் வெள்ளாமைக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தங்கையைக் கட்டியவனை நம்பி மர வியாபாரத்துக்கு வந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேற இருந்த துரையிடம் நம் முதல் மிசின் ரம்பத்தை வாங்கலாம் என்றது நீங்கள். வேண்டாம் என்றது நான். "கெட்டுப்போனா உள்சாமான் எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டேன். "கெடட்டுமுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றீர்கள். உங்களோடு வியாபாரம் பண்ணியதில் எனக்கு வாய்த்த பதிலெல்லாம் இந்த ரகம்தான்.

அந்த வருச ஆயுத பூசைக்குக் கோடாலி, சம்மட்டி, இழுப்பு ரம்பம் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். மிசின் ரம்பத்துக்கு நடு இடம். அதன் டாங்கு காலியாக இருப்பதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறிப்போயிற்று. "வெறும் வயித்தோட சாமி முன்னால வெக்கறதுங்களா மாப்ளே?" என்று, ஆயில் கலந்த பெட்ரோலைக் கழுத்துவரை ரொப்பினீர்கள். அதில் குறை சொல்ல எனக்கும் எதுவும் தோன்றவில்லை. அடுத்தாற்போல ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெட்டு வேலை நின்றது. சாமிக்கு வைத்ததைத் தரையில் கொட்ட யாருக்கு மனம் வரும்? தை மாசம்வரை மாலையும் பொட்டுமாக மூலையில் இருந்தது.

தையில் சூலூர் போகும் வழியில் ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் எடுத்தோம். மிசினுக்கு வந்த முதல் பெரிய வேலை. ஒரு மரம் ஓட்டு வீடு ஒன்றை ஒட்டி நின்றது. வீட்டுக்காரம்மா நெசவுக்காரர், புருசன் இல்லாதவர். உள்ளே ஒரே ஒரு குழித்தறி. அது ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். வெளியே வந்து நிற்கும்படி சொன்னோம்.

"நா வருவனுங்க. தறி வருமுங்களா? பாவு பாதீல கெடக்குது."

"உங்க ஓட்டு மேல ஒரு எல உழுகாதுங்கம்மா. நாஞ் சொல்றேன், போயி அந்தப் பக்கமா நில்லுங்க" என்றீர்கள்.

மரம் ரோட்டுப் பக்கம் சாயவேண்டும். அந்தப் பக்கம் அடிமரத்தில் வாய்போலப் பிளவு வெட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கமிருந்து மிசினை வைத்து அறுக்க ஆரம்பித்தீர்கள். அது கிளம்பியதே பெரும்பாடு. கிளம்பிய பிறகும் சத்தம் சரியில்லை. வழக்கமான உறுமல் இல்லாமல் கீச்சென்று கத்தியது. பாதி மரம் போனதும் ஒரு வெட்டு வெட்டி இறுகி நின்றுவிட்டது. மரம் மெல்ல முனகிக்கொண்டு பின்பக்கமாக உட்கார்ந்தது. அறுத்த இடுக்கு மூடிக்கொண்டது, ரம்பம் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்போது மரத்தின் மொத்தக் கனமும் அந்தம்மாவின் கூரையைப் பார்த்து நின்றது. அவர் கத்தவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் கயிறு கட்டி ஆட்கள் ரோட்டுப் பக்கம் இழுக்க, பின்னால் இடுக்கில் இரும்பு ஆப்பு வைத்து அடித்தால்தான் மரம் நிமிரும். அடிக்கிறவன் வீட்டுச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் விலக இடமில்லை. சம்மட்டியை நான் எடுத்தேன். நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"கயித்துக்குப் போங்க மாப்ளே."

"உங்களுக்கென்ன பைத்தியமுங்களா மச்சான்? உங்களுக்குப் புள்ள குட்டி இல்லீங்களா?"

"இருக்குது. ஆனா உங்களுக்கொண்ணுன்னா என்ற தங்கச்சி முன்னால போயி நின்னு பதில் சொல்ல என்னால ஆகாதுங்க. வாக்குக் குடுத்தவனும் நாந்தான். பேசீட்டு நிக்காதீங்க, போங்க."

போனேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்களை நேரே பார்த்து நின்றேன். ஒவ்வொரு அடிக்கும் மரம் நடுங்குவது கயிறு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. எத்தனை அடி என்று தெரியாது. ஏதோ ஓர் அடியில் நார் பிளக்கிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு நிமிசம் போனது. பிறகு கயிறு தொய்ந்தது. நாங்கள் விழுந்தடித்து ஓட, மரம் ரோட்டை நிறைத்துக்கொண்டு விழுந்தது.

புழுதி அடங்கியதும் அந்தம்மா கூரையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு எல உழுகாதுன்னீங்க, கூடை எல கெடக்குதுங்களே!" என்றார். "அது காத்துல வந்ததுங்கம்மா, என்ற கணக்குல சேராதுங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். உங்கள் வேட்டி முழங்காலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மறுநாள் சிங்காநல்லூர்ப் பட்டறையில் மிசினைப் பிரித்தார்கள். கார்புரேட்டருக்குள் வெல்லப்பாகு உறைந்தாற்போல ஒரு பிசின். பெட்ரோல் போகிற பொடித் துளை பாதி அடைத்திருந்தது. பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது. அது குறைந்தால் இதுவும் குறையும். காய்ந்து ஓடிய பிஸ்டன் சூடேறிக் கீறி, சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. "எப்ப ஊத்துன பெட்ரோலுங்க?" என்றார் பட்டறைக்காரர். பூசைக் கதையைச் சொன்னீர்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமிக்குப் படைச்ச பொங்கல அன்னைக்கே சாப்புட்டர்றோமுங்க. பெட்ரோல மட்டும் மூணு மாசம் ஊசப் போட்டா எப்பிடீங்க?" என்றார்.

முன்பே கொண்டுவந்திருந்தால் கழுவித் துடைக்கிற கூலிதான். இப்போது பிஸ்டன் வார்த்து, ரிங் தேடி, சிலிண்டர் கடைந்து, மிசின் விலையில் பாதிக்குப் பக்கம் வந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். அதுதான் கணக்கும்கூட. "எதனால கெட்டதுன்னு தெரிஞ்சுபோச்சுங்கல்ல? தெரிஞ்ச மிசினு புது மிசினவிட மேலுங்க" என்றீர்கள். அரைமனதாகத்தான் தலையாட்டினேன். அந்த ரம்பம் அதன்பிறகு உழைத்த உழைப்பைப் பார்க்கும்போது உங்கள் பேச்சே சரி. அடுத்த பூசைக்கும் டாங்கை ரொப்பினீர்கள். ஆனால் மறுநாள் விடிந்ததும் புது வேட்டியோடு ஒரு கட்டையை எடுத்துவைத்து, டாங்கு வற்றித் தானாக நிற்கும்வரை அறுத்துத் தள்ளிவிட்டு, "பொங்கல் சாப்புட்டாச்சுங்க" என்றீர்கள். நம் டிப்போவில் இன்றைக்கும் அதுதான் முறை.

நீங்கள் இருந்தவரை உங்கள் தங்கைக்கு அன்றைய விசயத்தை நான் சொன்னதில்லை. உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "எங்கண்ணன் பயந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பயந்தார் என்றேன். கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இப்போது வீட்டோரத்து மரம் என்றால் ஆட்கள் என்னைக் கேட்பதில்லை, ஆப்பையும் சம்மட்டியையும் என் பக்கம் வைத்துவிட்டு அவர்களே கயிற்றுக்குப் போய்விடுகிறார்கள். முழங்கால் முன்போல இல்லை. போன வாரமும் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றேன். மரம் அசைகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது. மூடுவதில்லை. நீங்கள் அன்று மூடவில்லை மச்சான். எதிரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தானே.