நிறம் மாறாத குடுவை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்டால் உங்களுக்கும் சேர்த்து அம்மாவே "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறாள்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. ஆய்வகத்தில் நான் வளர்ப்பது, உடம்புக்குள் நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களை. வெள்ளிக்கிழமை இரண்டு குடுவைகளிலும் சிவப்பு நிறச் சத்துநீர் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் சைட்டோகைன் விட மறந்துவிட்டேன். அது தீனி இல்லை அப்பா. ஓர் அணு இன்னோர் அணுவுக்கு அனுப்பும் சேதி. ஒரு துளி போதும். திங்களன்று பார்த்தால், துளி விட்ட குடுவையில் அணுக்கள் தின்று பெருகி, நீர் மஞ்சளாகியிருந்தது. மற்றதில் ஊற்றிய சிவப்பு அப்படியே இருந்தது. அணுக்கள் எல்லாம் செத்துக் கிடந்தன.

பேராசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "சோறு போட்டா மட்டும் போதுமாம்மா? உசுரோட இருன்னு யாராவது சொல்லிட்டே இருக்கணும்ல?"

திட்டு அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள். என் ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு இருக்கிறது. போன வாரம் வைத்ததும் இருக்கிறது.

இரண்டு பருத்தித் துண்டு அனுப்புங்கள். அம்மா போனில் பேசும்போது நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறீர்களாம். அது இங்கே கேட்பதில்லை. அதனால் பார்சல் மேல் முகவரியை நீங்களே எழுதுங்கள், தம்பியிடம் தள்ளிவிடாதீர்கள்.

கூட வேலை செய்யும் அக்கா வாசலில் ஹார்ன் அடிக்கிறார், ஓடுகிறேன். துண்டு கிடைக்காவிட்டால் வெறும் பெட்டியாவது அனுப்புங்கள்.

உங்கள் வாயாடி